அம்மம்மா சொன்னதை நான் பாதியாக மொழிபெயர்த்தேன்

என் மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். இரண்டு கிழமைக்கு முன் சளி பிடித்து மாறியிருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் திடீரென வீறிட்டு அழத் தொடங்கினான். பிறகு நின்றது. பிறகு மறுபடி. ஒருக்கா சத்தியும் எடுத்தான். பல் முளைக்கிற அழுகையாக்கும் என்று நானும் கணவரும் நினைத்தோம். அம்மா மட்டும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, இவன் சும்மா அழேல்லை. இருவது நிமிசத்துக்கு ஒருக்கா காலை மடக்கி வயித்தோட சேர்த்துக்கொண்டு வீறிடுறான். ரெண்டு மூண்டு நிமிசம்தான். பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி நிண்டு போகுது. ஆனா ஒவ்வொரு முறையும் முகம் வெளிறி, பிள்ளை சோர்ந்து சோர்ந்து போறான். பிடிச்சுப் பிடிச்சு விடுற நோ இது. உடனே காட்டுங்கோ."

காட்டினோம். மருத்துவமனை அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். அம்மா இதே வசனங்களைத் தமிழில் ஒன்று விடாமல் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "வயிற்று வலி, ஒருமுறை வாந்தி, நிறைய அழுகிறான்." அந்த நேரம் பார்த்து அவன் அழாமல் கிடந்தான். வைரஸ் கிருமியாக இருக்கலாம், தண்ணீர் கொடுங்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "நான் சொன்னதெல்லாம் சொன்னியே?"

சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன். வெட்கத்தோடு எழும்பிப் போய் அந்த மருத்துவரைத் தேடிப் பிடித்து, இருபது நிமிடம், மடக்கிய கால், வெளிறிய முகம், இடையில் சோர்வு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. வந்து வயிற்றை மறுபடி தடவிப் பார்த்தார். அரை மணி நேரத்துக்குள் ஸ்கான் அறையில் இருந்தோம்.

திரையில் வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தது. "வெங்காயத்தைக் குறுக்கால வெட்டி வச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் அம்மா. ஸ்கான் செய்தவர் சொன்ன பெயர் 'டார்கெட் சைன்'. வில்வித்தைக்காரர் குறி பார்க்கும் வட்டப் பலகை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சிலர் அதையே 'டோனட் சைன்' என்பார்கள்.

அதன் பொருள், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிப் போயிருக்கிறது என்பது. அவசரமாகச் சட்டையைக் கழற்றும்போது அதன் கை உள்ளுக்குள் மடிந்து போகுமே, அப்படி. மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளில்தான் இதை அதிகம் காண்பார்கள். பல நேரம் ஒரு வைரஸ் காய்ச்சலோ சளியோ வந்து போன பிறகு வரும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பின்வழியாகக் காற்றைச் செலுத்தியே பெரும்பாலும் குடலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம். பிந்தினால் செருகிய பகுதிக்கு இரத்தம் போகாமல் குடல் அழுகத் தொடங்கும். பிறகு ஒப்பரேஷன்தான்.

எங்களுக்குக் காற்றோடு சரியாகிவிட்டது. அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்தச் சட்டைக் கை இழுவை மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது.

அடையாளங்களுக்கு ஏன் பெயர்?

அதற்குப் பிறகுதான் மருத்துவத்தில் இப்படிப் பெயர் வைத்த அடையாளங்கள் எத்தனை இருக்கின்றன என்று வாசிக்கத் தொடங்கினேன். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிலவற்றுக்குக் கண்டவரின் பெயர். சிலவற்றுக்கு அது எதைப் போலத் தெரிகிறதோ அதன் பெயர்.

ஆங்கில மருத்துவத்தில் ஒரு வேறுபாடு உண்டு. நோயாளி தானே உணர்ந்து சொல்வது ஒன்று, அதாவது வலி, தலைச்சுற்று, அரிப்பு. இன்னொருவர் பார்த்தோ தொட்டோ கேட்டோ அறிவது வேறொன்று, அதைத்தான் 'சைன்' என்பார்கள். தமிழில் இரண்டுக்கும் அறிகுறி என்றே சொல்கிறோம். கைக்குழந்தையை எடுத்துக்கொண்டால் முதலாவது வகை கிடையவே கிடையாது. அதற்குச் சொல்லத் தெரியாது. எல்லாமே பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கிறது. அந்தப் பார்க்கிறவர் இருபத்து நாலு மணி நேரமும் வீட்டில் இருப்பவர். மருத்துவர் பார்ப்பது பத்து நிமிடம்.

என் மகனின் நோயிலேயே பெயருள்ள அடையாளங்கள் பல உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்த டான்ஸ் என்ற மருத்துவர், இப்படிப்பட்ட பிள்ளைகளின் வலது கீழ் வயிறு தொட்டால் வெறுமையாக இருப்பதைக் கவனித்தார். குடல் அங்கிருந்து மேலே இழுபட்டுப் போய்விடுவதுதான் காரணம். அதை இன்றும் 'டான்ஸ் சைன்' என்கிறார்கள். அவரிடம் ஸ்கான் இல்லை. கையும் கவனமும் மட்டும்தான்.

இன்னொன்று, மலத்தில் வரும் சளி கலந்த இரத்தம். பாடநூல்களில் 'ரெட் கரன்ட் ஜெலி' மாதிரி என்று எழுதியிருக்கும். அது இங்குள்ளவர்கள் ஆட்டிறைச்சியோடு சாப்பிடும் சிவப்புப் பழப்பாகு. எங்கட அம்மாமார் அந்த ஜெலியைக் கண்டே இருக்க மாட்டார்கள். காணவும் தேவையில்லை. "சளியோட சிவப்பாப் போகுது" என்று சொன்னால் போதும், அதை அப்படியே மொழிபெயருங்கள். இது பிந்தி வரும் அடையாளம் என்பதையும் நினைவில் வையுங்கள். அது வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தொண்டையில் கோபுரம்

நடு இரவில் பிள்ளை எழும்பி, கடல்நாய் குரைக்கிற மாதிரி இருமினால் அது பெரும்பாலும் குரூப். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் வீங்கி ஒடுங்குகிறது. எக்ஸ்ரேயில் அந்த ஒடுக்கம் மேலே கூர்ந்த தேவாலயக் கோபுரம் போலத் தெரியும். அதனால் 'ஸ்டீப்பிள் சைன்' என்று பெயர். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எக்ஸ்ரேயே எடுக்க மாட்டார்கள். அந்த இருமலைக் கேட்டாலே மருத்துவருக்குப் போதும். இதில் ஒரு சிக்கல், குளிர்காற்றில் காரில் போய் இறங்கும்போது இருமல் அடங்கிவிடுவதுண்டு. ஆகவே வீட்டிலேயே ஃபோனில் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கு அண்ணன் மாதிரி ஒரு நோய், குரல்வளை மூடி வீங்குவது. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் பெருவிரல் போலத் தெரிவதால் 'தம்ப் சைன்'. பிரித்தானியாவில் 1992இல் ஹிப் தடுப்பூசி வந்தபின் இது மிக அரிதாகிவிட்டது. இருந்தாலும், பிள்ளை கடும் காய்ச்சலோடு எச்சில் விழுங்க முடியாமல் வடியவிட்டு, முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினால், கரண்டியை வைத்துத் தொண்டையைப் பார்க்கப் போகாதீர்கள். படுக்க வைக்கவும் வேண்டாம். உடனே அவசர எண்ணை அழையுங்கள்.

காரில் குலுங்கும் வயிறு

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளில் எங்கள் எல்லோருக்கும் இருக்கும் பயம் குடல்வால். இதைச் சுற்றியும் பெயர்கள்தான். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்ல்ஸ் மக்பர்னி 1889இல் வலி கூர்மையாக இருக்கும் இடத்தை எழுதி வைத்தார். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு கீறினால், இடுப்பெலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். டென்மார்க்கின் ரோவ்சிங் 1907இல், இடது பக்கத்தை அழுத்தினால் வலது பக்கம் நோகும் என்பதைச் சொன்னார்.

நீங்கள் வீட்டில் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்க்க வேண்டாம். பார்த்தாலே தெரிவது வேறு இருக்கிறது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய நோ சில மணி நேரத்தில் வலது கீழ்ப்பக்கம் போய் நின்றுவிட்டதா? பிள்ளை கூனிக்கொண்டு நடக்கிறானா? ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னால் மாட்டேன் என்கிறாளா?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழான பி.எம்.ஜே.யில் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமனைக்கு வரும் வழியில் வீதியிலுள்ள வேகத்தடைகளில் கார் ஏறி இறங்கும்போது வலித்ததா என்று பெரியவர்களிடம் கேட்டார்கள். குடல்வால் அழற்சி என்று உறுதியான 34 பேரில் 33 பேர் ஆம் என்றார்கள். வேறு காரணத்தால் வயிறு நொந்தவர்களிலும் பலருக்கு வலித்தது. ஆகவே, வலித்தால் குடல்வால்தான் என்று சொல்லிவிட முடியாது. வலிக்கவே இல்லை என்றால் வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். ஆனாலும் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லக்கூடிய தகவல் இது. பின் சீட்டில் பிள்ளையோடு இருந்தவர் நீங்கள்தானே.

எங்கள் தோலில் தெரிவது

பெயருள்ள அடையாளங்களில் பெரும்பகுதியை எழுதியவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினார்கள். 'சிவந்திருக்கும்', 'நீலமாகும்', 'மஞ்சளாகும்' என்று கைநூலில் இருப்பது எங்கள் பிள்ளைகளில் அப்படியே தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

கிளாஸ் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காய்ச்சலோடு உடம்பில் புள்ளிகள் வந்தால், தெளிவான கண்ணாடிக் கிளாஸின் பக்கத்தை அதன் மேல் அழுத்த வேண்டும். அழுத்தியும் மங்காமல் அப்படியே தெரிந்தால், மூளைக்காய்ச்சலோடு வரும் இரத்தத் தொற்றாக இருக்கலாம். அது அவசரம். மண்ணிறத் தோலில் இந்தப் புள்ளிகளைக் காண்பது கடினம். உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்பக்கம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிறிய இடங்களில் தேடுங்கள். புள்ளி வரவே வராமலும் போகலாம். பிள்ளை எழுப்ப எழுப்ப எழும்பாமல் துவண்டு கிடந்தால் புள்ளிக்காகக் காத்திருக்காதீர்கள்.

சின்னமுத்து மறுபடி பல நாடுகளில் தலைகாட்டுகிறது. அதன் செந்தடிப்பு எங்கள் தோலில் சிவப்பாகத் தெரியாமல், தடவினால் சொரசொரப்பாக மட்டும் இருக்கலாம். ஆனால் வாய்க்குள் எல்லோரும் ஒரே நிறம். நியூயார்க் குழந்தை மருத்துவர் ஹென்றி கொப்லிக் 1896இல் எழுதிய அடையாளம் அங்கேதான் இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறச் சிவப்பில் உப்புக்கல் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். உடம்பில் தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே வந்துவிடும்.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளையையும் முரசையும் பாருங்கள். மூச்சு முட்டும்போது வரும் நீலத்துக்கு உதடு, நாக்கு, நகம் பாருங்கள். தோல் சாம்பல் பூத்தமாதிரி இருந்தால் அதையும் சொல்லுங்கள். "இது அவளின் வழக்கமான நிறம் இல்லை" என்ற ஒரு வசனத்தை உங்களால் மட்டுமே சொல்ல முடியும்.

கடைசியாக, எங்களுக்கென்றே உள்ள ஒன்று. எங்கள் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே நாரியிலும் பின்புறத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் மறு இருக்கும். ஜப்பானில் வேலை செய்த ஜெர்மன் மருத்துவர் பெல்ட்ஸ் 1885இல் அதை 'மங்கோலியப் புள்ளி' என்றார். பெயர் பிழையானது, ஓர் இனத்தின் பெயரை ஒட்டியது என்பதால் இப்போது கைவிடுகிறார்கள். ஆசியா, ஆபிரிக்கா எங்கும் இது சாதாரணம். நோயல்ல. சில வருடங்களில் மங்கிப் போகும். ஆனால் பார்க்கப் பழகாத கண்ணுக்கு அது அடிகாயம் போலத் தெரியும். பிள்ளைகள் காப்பகத்தில் உடுப்பு மாற்றும் ஒருவர் அதைக் கண்டு சந்தேகப்பட்டால், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அவர்கள் கேட்பது தவறல்ல, அது அவர்கள் கடமை. நீங்கள் செய்யக்கூடியது, பிறந்த உடனேயே அந்த மறுவை மருத்துவப் பதிவில் எழுதச் சொல்வது. பிரித்தானியாவில் என்றால் பிள்ளையின் சிவப்புப் புத்தகத்தில். திகதியோடு ஒரு படமும் எடுத்து வையுங்கள். அடிகாயம் சில நாளில் நிறம் மாறி மறையும், இது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இல்லை என்பது பதிலல்ல

பெயரைத் தெரிந்துகொண்டால் ஒரு ஆபத்தும் உண்டு. மூளைக்காய்ச்சலுக்குக் கெர்னிக், புருட்ஸின்ஸ்கி என்று இரண்டு புகழ்பெற்ற அடையாளங்கள் உள்ளன. ஒன்று மடக்கிய காலை நிமிர்த்தினால் வலிப்பது, மற்றது கழுத்தைக் குனித்தால் முழங்கால் தானே மடங்குவது. இரண்டும் நூறு வருடத்துக்கு மேல் பழையவை. ஆனால் அந்த நோயுள்ள பலரில், முக்கியமாகக் கைக்குழந்தைகளில், இவை இல்லாமலே போகும். அடையாளம் இருந்தால் அது பேசும். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் பொருள். நலம் என்று பொருளில்லை. இணையத்தில் வாசித்துவிட்டு "அது இல்லை, அப்ப பிரச்சினை இல்லை" என்று முடிவெடுக்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது

நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம், எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா, இடையில் பிள்ளை எப்படி இருந்தது என்பதை ஃபோனில் குறித்து வையுங்கள்.

வந்து போகிற எதையும் வீடியோ எடுங்கள். அழுகை, இருமல், மூச்சு, வலிப்பு எல்லாம் மருத்துவர் முன்னால் அடங்கிவிடும்.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டால், அவர் சொல்வதைச் சுருக்காமல் மொழிபெயருங்கள். முடியாது என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரித்தானியாவில் அது இலவசம். மற்ற நாடுகளில் உள்ளவர்களும் கேட்டுப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். நான் வளர்ந்த ஆளாக இருந்தே பாதியை விட்டுவிட்டேன்.

இது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. போன மாதம் அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்து எழும்பி, மூடிய முஷ்டியை நெஞ்சு நடுவில் வைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, வாயு" என்றார். அந்த முஷ்டிக்கும் பெயர் உண்டு. பாஸ்டன் இருதய மருத்துவர் சாமுவேல் லெவின் பெயரால் 'லெவின் சைன்'. இருதய வலி உள்ள எல்லோரும் அப்படிப் பிடிப்பதில்லை, பெண்களிலும் சர்க்கரை வியாதி உள்ளவர்களிலும் வேறு மாதிரியும் வரும். ஆனால் கண்டபிறகு விடக் கூடாது. அம்புலன்ஸில் வந்தவரிடம் நான் "வாயு" என்று சொல்லவில்லை. "சாப்பிட்டு எழும்பியதும் நெஞ்சு நடுவில் முஷ்டியை வைத்தார், வியர்த்தது, ஐந்து நிமிடம்" என்றேன். இரண்டு நாள் வைத்திருந்து, இருதயக் குழாயில் அடைப்பு என்று கண்டு, சரி செய்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த முறை எல்லாம் சொன்னியே?"

"ஓம் அம்மா. எல்லாம் சொன்னனான்."